நிலாப் பாட்டியின் அடுப்புக்குக் காற்று ஏது?

மதுரைக்கு வடமேற்கே, வைகைக் கரையில் இருக்கிறது சோழவந்தான். வெற்றிலைக்குப் பேர் போன ஊர். அந்த வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடிக்கால்களில் அகத்தி மரத்தைப் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறி நிற்கிறது. அதற்கு அப்பால் ஆற்று மணல். பௌர்ணமி வந்துவிட்டால் அந்த மணல் முழுவதும் வெள்ளி உருக்கி ஊற்றியது போல நிலா வெளிச்சம்!

பௌர்ணமி இரவில் குழந்தைக்குச் சோறு ஊட்டும் தாய் ஒரு கதை சொல்வாள். "அதோ பார், நிலாவிலே ஒரு பாட்டி உட்கார்ந்து வடை சுடுகிறாள்!" குழந்தை வாயைப் பிளந்து பார்க்கும். தாய் ஒரு கவளத்தை உள்ளே தள்ளிவிடுவாள். சோழவந்தானில் மட்டுமல்ல, தமிழ் பேசும் ஊர்களில் எல்லாம் இந்தக் கதை உண்டு.

அதே குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறது. "சந்திரனில் காற்று இல்லை" என்று அங்கே பாடம். குழந்தைக்குச் சந்தேகம் வருகிறது. அடுப்பு எரிய வேண்டுமானால் காற்று வேண்டுமே! காற்று இல்லாத இடத்தில் பாட்டி எப்படி அடுப்பு மூட்டினாள்?

நல்ல கேள்வி. பாட்டியின் அடுப்பு அங்கே எரியாது. ஆனால் "சந்திரனில் காற்று இல்லை" என்ற பாடமும் முழுக்கச் சரியல்ல. சந்திரனைச் சுற்றி வாயு உண்டு. மிக மிக மெல்லிய வாயு மண்டலம். அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்பதை விஞ்ஞானிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் இந்தியாவுக்கும் பெரிய பங்கு உண்டு.

ஆனால் இப்போது ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. அந்த மெல்லிய வாயுவை முழுதாக அறிந்துகொள்ளும் முன்பே மனிதன் அதைக் கலக்கிவிடக் கூடும். அதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் இதுதான்.

எவ்வளவு மெல்லியது?

சோழவந்தான் தெருவில் நிற்கும் ஒருவர் ஒரு சிறு தாயக்கட்டை அளவு காற்றைப் பிடித்தால், அதாவது ஒரு கன சென்டிமீட்டர் காற்றைப் பிடித்தால், அதற்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கும். சந்திரனில் அதே அளவு இடத்தில் இருப்பவை சில லட்சங்களே!

பூமியைப் போர்த்தியிருக்கும் காற்றின் எடை சுமார் 50 கோடி கோடி டன். சந்திரனைச் சுற்றியுள்ள வாயு முழுவதையும் திரட்டி நிறுத்தால் எவ்வளவு இருக்கும்? விஞ்ஞானிகளின் கணக்குகள் ஒன்றுக்கொன்று முன்பின்னாக இருக்கின்றன. ஆனால் எந்தக் கணக்கும் நூறு டன்னைத் தாண்டவில்லை. பத்து டன் ஏற்றும் லாரிகள் பத்து இருந்தால் போதும். ஒரு பெரிய கிரகத்துணையின் காற்று முழுவதும் அடங்கிவிடும்!

பூமியில் காற்றின் அணுக்கள் சந்தைக் கூட்டம் போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டே இருக்கின்றன. சந்திரனில் அப்படி இல்லை. சித்திரை மாதத்து உச்சி வெயிலில் வெறிச்சோடிய பொட்டல் போன்றது அது. ஓர் அணு தரையிலிருந்து எழும்பும். வழியில் எதையும் சந்திக்காது. வீசிய கல் விழுவது போல வளைந்து போய் வேறோர் இடத்தில் விழும். மறுபடி எழும்பும். தத்தித் தத்திப் போகும் தவளைதான் அந்த அணு.

வரவும் செலவும்

இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் என்ன? சந்திரனின் ஈர்ப்பு சக்தி பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான். பூமியை விட்டு ஒரு பொருள் ஓடிப்போக வேண்டுமானால் நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். சந்திரனை விட்டு ஓட நொடிக்கு 2.4 கிலோமீட்டர் போதும். வெயிலில் சூடேறிய லேசான அணுக்கள் எளிதில் தப்பிவிடுகின்றன. கனமான அணுக்களைச் சூரிய ஒளி மின்னேற்றம் செய்துவிடுகிறது. மின்னேறிய அணுவைச் சூரியனிலிருந்து வீசும் துகள் காற்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஹீலியம் சில நாட்களில் ஓடிவிடும். ஆர்கான் சில மாதங்கள் தங்கும். அவ்வளவே.

குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது உடனே புரியும். பூமியின் காற்று, பத்தாயத்தில் நெல் நிரம்பிய வீடு போன்றது. நாளைக்கு வரவு இல்லாவிட்டாலும் பல காலம் தாங்கும். சந்திரனோ அன்றாடங்காய்ச்சி வீடு. இன்று வந்தது இன்றே செலவாகிறது. வரவு நின்றால் சில மாதங்களில் கைவிரிக்க வேண்டியதுதான். ஆனால் அங்கே வாயு இருந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு வழியில் வரவு வந்துகொண்டே இருக்கிறது என்று பொருள்.

அந்த வரவு எது? ஒரு வழியாக அல்ல, மூன்று வழியாக வருகிறது.

கல்லில் ஊறும் வாயு

கோடையில் வைகை வறண்டால் மணலில் ஊற்றுத் தோண்டுவது பழைய வழக்கம். மேலே பார்த்தால் காய்ந்த மணல். முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் கசியும். சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மொள்ள மொள்ள மறுபடி ஊறும்.

சந்திரனின் முதல் வரவும் அப்படிப்பட்ட ஊற்றுதான். ஆனால் ஊறுவது தண்ணீர் அல்ல, ஆர்கான் என்ற வாயு. ஊறும் இடம் மணல் அல்ல, பாறை.

விவசாயிகள் பயிருக்கு இடும் பொட்டாஷ் உரத்தை அறிவார்கள். சாம்பல் சத்து என்பதும் அதுதான். அதில் இருக்கும் பொருள் பொட்டாசியம். பூமியின் பாறையிலும் அது உண்டு, சந்திரனின் பாறையிலும் உண்டு. பொட்டாசியத்தில் பத்தாயிரம் அணுவுக்கு ஓர் அணு வீதம் சற்று வேறு வகையானது. அதற்குப் பொட்டாசியம்-40 என்று பெயர். அது நிலையில்லாத அணு. தானாகவே சிதைந்து வேறு பொருளாக மாறிவிடும். ஆனால் அவசரப்படாது! ஒரு கைப்பிடி பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டுகள் ஆகும்.

அப்படி மாறும்போது நூறில் சுமார் 89 அணுக்கள் சுண்ணாம்பில் இருக்கும் கால்சியமாகின்றன. மீதி 11 அணுக்கள் ஆர்கான் வாயுவாகின்றன. பாறைக்குள் பிறந்த அந்த வாயு சும்மா இருக்குமா? விரிசல் வழியாகவும் சந்து வழியாகவும் மெல்ல மெல்ல மேலே கசிகிறது. சந்திரனிலும் நில நடுக்கம் உண்டு. அப்போது புதுப்புது விரிசல்கள் திறக்கின்றன.

இது எங்கோ நடக்கும் விந்தை என்று எண்ண வேண்டாம். மதுரை யானைமலைப் பாறைக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. பூமியின் காற்றில் நூறில் ஏறத்தாழ ஒரு பங்கு ஆர்கான். அதுவும் பாறைப் பொட்டாசியம் தந்ததுதான். ஒவ்வொரு மூச்சிலும் மனிதன் கல்லில் பிறந்த வாயுவையும் சேர்த்தே இழுக்கிறான்!

1972-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி அப்பல்லோ-17 சந்திரனில் இறங்கியது. அதில் சென்றவர்கள் அங்கே ஒரு கருவியை வைத்துவிட்டு வந்தார்கள். வாயுக்களைத் தரம் பிரித்து எடை பார்க்கும் கருவி அது. அந்தக் கருவி ஆர்கானைக் கண்டது. அதன் ஒரு விசித்திரத்தையும் கண்டது.

சந்திரனில் பகல் என்பது பூமிக் கணக்கில் சுமார் 14 நாள். இரவும் 14 நாள். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 170 டிகிரி. அந்தக் குளிரில் ஆர்கான் மண்ணில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. வாயுவில் அதன் அளவு குறைகிறது. விடியும் இடத்தில் வெயில் பட்டதும் மண்ணை விட்டுக் கிளம்புகிறது. கிளம்பிய அணுக்களில் சில, இன்னும் இருட்டாக இருக்கும் பக்கத்துக்கும் தத்தி வந்துவிடுகின்றன. பூக்காரி தெருவுக்குள் நுழையும் முன்பே மல்லிகை மணம் வந்துவிடுகிறது அல்லவா? அதுபோலச் சூரியன் உதிக்கும் முன்பே ஆர்கான் வந்துவிடுகிறது!

சூரியன் போடும் பங்கு

இரண்டாவது வரவு சூரியனிடமிருந்து வருகிறது. சூரியன் ஒளியை மட்டும் அனுப்பவில்லை. மின்னேறிய துகள்களையும் எல்லாப் பக்கமும் வீசிக்கொண்டே இருக்கிறது. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். நொடிக்கு 400 கிலோமீட்டர் அளவு வேகம்! அதில் பெரும்பாலும் ஹைட்ரஜன். அடுத்தது ஹீலியம். சிறிது நியானும் உண்டு.

பூமிக்குக் காந்தக் கவசம் இருக்கிறது. அது சூரியக் காற்றைத் தடுத்துத் திருப்பிவிடுகிறது. சந்திரனுக்கு அப்படிப்பட்ட கவசம் இல்லை. துகள்கள் நேரே வந்து மண்ணில் புதைகின்றன. பிறகு வாயுவாக வெளியேறுகின்றன. சந்திரனின் ஹீலியத்தில் பெரும்பங்கு இப்படி வந்ததே. சிறு பங்கு மட்டும் பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம் சிதைவதால் பிறக்கிறது.

இதை எப்படி உறுதி செய்தார்கள்? அமெரிக்கா 2013 செப்டம்பரில் லாடி என்ற கலத்தை அனுப்பியது. சந்திரனின் வாயுவையும் தூசியையும் ஆராய்வதே அதன் வேலை. 2014 ஏப்ரல் 18-ஆம் தேதி சந்திரனில் மோதி முடியும்வரை அது அளந்தது. சூரியக் காற்று கூடினால் ஹீலியம் கூடியது. குறைந்தால் குறைந்தது. வரவு எங்கிருந்து என்பது தெளிவாகிவிட்டது.

இதில் பௌர்ணமிக்கும் ஒரு பங்கு உண்டு. பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் சந்திரன் பூமியின் காந்த வாலுக்குள் போகிறது. பூமி அதற்குக் குடை பிடிக்கிறது. அப்போது சூரியக் காற்றின் வரவு குறைகிறது. வைகை மணலில் நிலா பளபளக்கும் அந்த இரவுகளில்தான் சந்திரனின் கணக்கில் ஒரு வரவு சுருங்குகிறது!

தூசி தட்டும் கதவு

மூன்றாவது வரவு மேலிருந்து விழுகிறது. விண்வெளியில் கல்லும் தூசியும் பறந்துகொண்டே இருக்கின்றன. பூமிக்குள் நுழைந்தால் காற்றில் உரசி எரிந்துவிடும். அதையே எரிநட்சத்திரம் என்கிறோம். சந்திரனில் எரிப்பதற்குக் காற்று போதாது. மணல் அளவு தூசிகூட நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். மோதிய இடத்தில் மண்ணே ஆவியாகும். அந்த ஆவியில் சோடியம், பொட்டாசியம் அணுக்கள் எழும்பும்.

1988-ஆம் ஆண்டிலேயே பூமியிலிருந்து தொலைநோக்கி வழியாகச் சந்திரனைச் சுற்றிச் சோடியம், பொட்டாசியத்தின் மங்கலான ஒளியைக் கண்டுபிடித்தார்கள். சோடியம் வேறொன்றுமில்லை, சமையல் உப்பில் இருக்கும் அதே பொருள்தான். 2013 டிசம்பர் நடுவில் எரிநட்சத்திர மழை வந்தபோது சந்திரனில் பொட்டாசிய வாயு சட்டென்று கூடியதை லாடி பார்த்தது.

ஆனால் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் எழுப்பிவிடுவது தூசி மட்டும்தானா? சூரியக் காற்றும் மண்ணை அடித்து அணுக்களைத் தெறிக்கச் செய்கிறது. வெயிலும் சிலவற்றைக் கிளப்பிவிடுகிறது. யார் பங்கு எவ்வளவு என்று நெடுநாள் வாதம் நடந்தது. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த சந்திர மண்ணை வைத்து 2024-இல் ஒரு விடை கிடைத்தது. நூறில் 70 பங்கோ அதற்கு மேலோ தூசி மோதலின் வேலை. மீதிதான் சூரியக் காற்றின் வேலை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அள்ளிவந்த மண் இப்போது சாட்சி சொன்னது!

பாறை, சூரியன், தூசி. சந்திரனின் வாயு வீட்டுக்கு இந்த மூவரும்தான் படியளக்கிறார்கள்.

இந்தியா முகர்ந்து பார்த்தது

2008 அக்டோபர் 22-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சி அருகே கோதவாடி கிராமத்தில் பிறந்தவர். நவம்பர் 14-ஆம் தேதி அந்தக் கலத்திலிருந்து ஒரு சிறு பெட்டி பிரிந்து சந்திரனின் தென் துருவப் பக்கம் விழுந்து மோதியது. அப்துல் கலாம் சொன்ன யோசனை அது. பெட்டியின் பக்கங்களில் மூவர்ணக் கொடி இருந்தது.

கொடி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு மூக்கும் இருந்தது! சேஸ் என்பது அந்தக் கருவியின் பெயர். திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடம் செய்தது. சுமார் 25 நிமிடம் விழுந்துகொண்டே வரும் வழியெல்லாம் அது வாயுவை முகர்ந்து பார்த்தது. நீராவியின் அடையாளம் அதில் தெரிந்தது.

2019 ஜூலை 22-ஆம் தேதி சந்திரயான்-2 கிளம்பியது. செப்டம்பர் 7-ஆம் தேதி அதன் தரையிறங்கும் வண்டி நொறுங்கியது. நாடே கண் கலங்கியது. ஆனால் மேலே சுற்றும் கலம் உடையவில்லை. அதில் சேஸ்-2 என்ற புது மூக்கு இருந்தது. அது ஓசையில்லாமல் வேலை செய்தது. அப்பல்லோ-17 கருவி நின்ற இடத்திலிருந்து மட்டுமே பார்த்தது. சேஸ்-2 சந்திரனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி வடக்கு, 60 டிகிரி தெற்கு வரை ஆர்கான் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை அளந்தது.

2022-இல் முடிவு வெளியாயிற்று. ஆர்கான் எங்கும் ஒரே சீராக இல்லை. சில இடங்களில் புடைத்துக்கொண்டு நின்றது. அந்த இடங்களில் ஒன்று பொட்டாசியம் மிகுந்த பாறைப் பிரதேசம்! ஊற்றின் கண் எங்கே என்பதற்கு இந்தியக் கருவி ஒரு துப்புக் கொடுத்துவிட்டது. அதே கலத்தில் பெங்களூரில் செய்த மற்றொரு கருவி, சந்திர மண்ணில் சோடியம் எங்கே எவ்வளவு என்று வரைபடமே போட்டது.

2024 மே 10-ஆம் தேதி சூரியனில் எழுந்த பெரும் கொந்தளிப்பின் துகள் மேகங்கள் வந்து மோதின. லடாக்கில் ஹான்லே வானம் சிவந்தது. அதே சமயம் சந்திரனின் பகல் பக்கத்தில் வாயு அணுக்களின் எண்ணிக்கை பத்து மடங்குக்கும் மேல் ஏறியதைச் சேஸ்-2 பதிவு செய்தது. 2025 அக்டோபரில் இஸ்ரோ இதை வெளியிட்டது. சூரியக் கொந்தளிப்பு சந்திரனின் வாயு மண்டலத்தை என்ன செய்கிறது என்பதை நேரில் கண்டது அதுவே முதல் தடவை.

தரையிறங்காமல் தோற்றது என்று பேசப்பட்ட பயணம் இத்தனையும் தந்தது. வெற்றி எல்லாம் ஆரவாரத்தோடு வருவதில்லை.

கலங்கும் ஊற்று

இனிதான் கவலைக்குரிய செய்தி.

மணலில் ஊற்றுத் தோண்டுகிற பெண்கள் ஒரு விதியை அறிவார்கள். தோண்டியவுடன் வரும் தண்ணீர் கலங்கியிருக்கும். அதைக் குடிக்கக் கூடாது. தெளியும்வரை காத்திருக்க வேண்டும். தெளிந்த ஊற்றில் யாராவது காலை வைத்தால் மறுபடி கலங்கிவிடும்.

சந்திரனில் மனிதன் கால் வைத்தபோது அதுதான் நடந்தது. அப்பல்லோ தரையிறங்கு வண்டியில் சுமார் எட்டு டன் எரிபொருள் இருந்தது. இறங்கும்போது அதில் பெரும்பகுதி எரிந்து புகையாக வெளியேறியது. சந்திரனின் வாயு முழுவதுமே நூறு டன்னுக்குள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்! ஆறு தடவை இப்படி இறங்கினார்கள். அப்பல்லோ-17 வைத்த கருவியால் பகலில் சந்திரனின் சொந்த வாயுவைச் சரியாகக் காண முடியவில்லை. வெயில் ஏறியதும் விட்டுவந்த வண்டியும் சாமான்களும் வாயுவைக் கக்கின. அதனால் இரவுக் கணக்கை மட்டுமே நம்ப முடிந்தது. விருந்தாளியின் வியர்வை நாற்றத்தில் வீட்டுக்காரரின் பூஜை அறைச் சாம்பிராணி மணம் அமுங்கிப்போன கதைதான்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய குறையல்ல. 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 தென் துருவத்துக்கு அருகே பத்திரமாக இறங்கியது. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் அதன் திட்ட இயக்குநர். உலகமே பாராட்டியது. அந்த வண்டி இறங்கியபோது கிளம்பிய சந்திர மண் சுமார் 2.06 டன் என்று இஸ்ரோவே கணக்கிட்டுச் சொன்னது. 108 சதுர மீட்டர் பரப்பில் அது சிதறியது. மறைக்காமல் அளந்து சொன்னது பெருமைக்குரியது. ஆனால் எவ்வளவு மெல்ல இறங்கினாலும் தடம் பதியாமல் இறங்க முடியாது என்பதும் அதில் தெரிகிறது.

"அதனால் என்ன? சந்திரனில் வாயு சில மாதங்களில் ஓடிவிடும் என்றுதானே சொன்னார்கள்? புகையும் ஓடிவிடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பகுதி ஓடிவிடும். முழுவதும் ஓடாது. அங்கேதான் சிக்கல்.

சந்திரனின் துருவங்களில் சூரிய ஒளியே படாத பள்ளங்கள் இருக்கின்றன. பல கோடி ஆண்டுகளாக இருட்டு. அங்கே போய் விழுந்த நீராவி அப்படியே உறைந்துவிடும். திரும்பி எழாது. ராக்கெட் புகையில் நீராவி உண்டு. தென் துருவத்துக்கு அருகே ஒரு நடுத்தர வண்டி இறங்கினால் என்ன ஆகும் என்று 2020-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே அந்த நீராவி சந்திரன் முழுவதும் பரவிவிடுகிறது. சில மாதங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு துருவப் பக்கத்தில் போய் உறைந்துவிடுகிறது. அங்கே இருக்கும் பழைய பனிக்கட்டிதான் சந்திரனுக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்ற வரலாற்றை எழுதி வைத்திருக்கும் ஏடு. அதன் மேல் புது மை கொட்டினால் பழைய எழுத்தை யார் வாசிப்பது?

மேலும், வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். 2024-இல் மட்டும் ஜப்பானும், அமெரிக்கத் தனியார் கம்பெனி ஒன்றும், சீனாவும் சந்திரனில் கலங்களை இறக்கின. சந்திர மண்ணை எடுத்துவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் இந்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது. 2040-க்குள் இந்தியர் ஒருவர் சந்திரனில் கால் வைக்க வேண்டும் என்பது நாட்டின் குறிக்கோள். ஒருவர் ஊற்றில் கால் வைத்தால் தெளிய நேரம் கிடைக்கும். பத்துப் பேர் மாறி மாறி வைத்தால் எப்போது தெளியும்?

முதலில் அளப்போம், பிறகு இறங்குவோம்

போகவே கூடாது என்று சொல்வது அறிவல்ல. போகாமல் ஒன்றும் தெரிந்திருக்காது. ஊற்றைத் தோண்டாமல் தண்ணீர் குடித்தவர் யார்? ஆனால் தோண்டவும் ஒரு முறை உண்டு.

முதல் காரியம்: சந்திரனில் இறங்கும் ஒவ்வொரு கலமும் ஒரு மூக்கைக் கொண்டுபோக வேண்டும். இறங்கும் முன்பு வாயு எப்படி இருந்தது, இறங்கிய பின்பு எப்படி மாறியது, எத்தனை நாளில் தெளிந்தது என்று அளக்க வேண்டும். சேஸ் போன்ற கருவியைச் செய்யத் திருவனந்தபுரத்து விஞ்ஞானிகளுக்குத் தெரியும். பிற நாடுகளுக்கும் செய்து கொடுக்கலாம்.

இரண்டாவது காரியம்: எந்தக் கலம் எந்த எரிபொருளை எவ்வளவு எரித்தது என்ற கணக்கு உலகத்துக்குத் திறந்த புத்தகமாக இருக்க வேண்டும். வழி ஏற்கெனவே பிறந்திருக்கிறது. சந்திரத் துருவங்களுக்குப் போகும் கலங்கள் தம்மோடு கொண்டுபோகும் கரிமப் பொருள்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்று 2021-இல் கோஸ்பார் என்ற சர்வதேசக் குழு விதி வகுத்தது. அந்த விதியை எரிந்த புகைக்கும் முழுதாக விரிக்க வேண்டும். தனியார் கம்பெனிகளையும் அது கட்டுப்படுத்த வேண்டும்.

மூன்றாவது காரியம்: துருவத்து இருட்டுப் பள்ளங்களில் சிலவற்றையாவது யாரும் இறங்காமல் விட்டுவைக்க வேண்டும். ஊருக்கு ஊர் கோயில் காடு என்று வெட்டாமல் விட்ட தோப்புகள் உண்டு. முன்னோர் செய்த அந்த ஏற்பாட்டைச் சந்திரனுக்கும் செய்யலாம்.

"இங்கே குழாயில் தண்ணீர் வரவில்லை. சந்திரனின் வாயுவைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்பவரும் உண்டு. அவர் கேட்பதில் தவறில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை? ஆற்றில் இருந்தபோது அளக்காமல் மணலை அள்ளியதும், கணக்கில்லாமல் தண்ணீரை இறைத்ததும் காரணங்களில் சேர்ந்தவை. கை வைக்கும் முன் அளந்து பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை வைகைக் கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பூமியில் கற்ற பாடத்தைச் சந்திரனில் மறக்கக் கூடாது என்பதே பேச்சு.

சந்திர மண்ணைப் போன்ற மண் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைத்தது. அந்த மண்ணைக் கொண்டுபோய்த்தான் இஸ்ரோ தன் வண்டிகளை ஓட்டிப் பார்த்தது. தமிழ்நாட்டு மண்ணில் பழகிய வண்டி சந்திரனில் ஓடியது. தமிழ்நாட்டு ஊற்றின் ஒழுக்கமும் கூடவே போகட்டும்.

அடுத்த பௌர்ணமியில் சோழவந்தான் திண்ணையில் ஒரு குழந்தை கேட்கும்: "பாட்டிக்கு அங்கே காற்று உண்டா?" பதில் சொல்ல இனி வீட்டில் ஆள் இருக்கும். "உண்டு, கண்ணே. கல் கொஞ்சம் தருகிறது. சூரியன் கொஞ்சம் தருகிறது. விழுகிற தூசி கொஞ்சம் தருகிறது. அடுப்பு எரியத்தான் அது போதாது."

அந்தக் குழந்தை பெரியவளாகிச் சந்திரனுக்கே போகலாம். அவள் போகும்போது ஊற்று தெளிந்திருக்க வேண்டும்.